ட்ரம் வராத இடம்

வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க சார். அப்பிடி இல்ல, ஜன்னல் பக்கமா. தெரியுதா, நடுவுல குறுக்க ஒரு கோடு? அதச் சொல்லாம இந்த ரெக்கார்ட உங்களுக்கு வித்தா நாயமில்ல. மத்ததெல்லாம் நீங்க கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போகலாம், ஒரு பொட்டுத் தூசி இருக்காது. இது ஒண்ணுலதான் கீறல். நீங்க மதுரைலருந்து இதுக்குன்னேதான் வந்திருக்கீங்கன்னு எனக்குப் போன்லயே தெரிஞ்சுபோச்சு. மத்த ரெக்கார்டு பேரெல்லாம் சொல்லச் சொல்ல ம், ம்னு கேட்டுட்டு இருந்தீங்க. இந்தப் பேரச் சொன்னதும் பேச்சக் காணோம். அதனாலதான் சொல்லுதேன்.

கீறல் யாரு போட்டதுன்னு கேட்டா, என் வீட்டுக்காரி போட்டது. டெல்பின். கை என் கைதான். ஆனா அவ போட்டதுதான். உக்காருங்க, சொல்லுதேன். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

நான் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்தேன் சார், ரிட்டயர் ஆகுற வரைக்கும். தூத்துக்குடிக்குக் கப்பல் வந்தா, கப்பல்காரங்க ஊருக்குள்ள வந்துபோக பாஸ் வாங்கிக் குடுக்கணும், சீக்கு வந்த ஆள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுதான் வேலை. அப்பிடி ஒரு ரேடியோ ஆபீசர், ஸ்காட்லாந்துக்காரன், வயித்துவலின்னு ஆஸ்பத்திரில கெடந்தான். தெனமும் போயிப் பாத்துட்டு வருவேன். கப்பல் கெளம்புற அன்னைக்கு இத என் கையில குடுத்துட்டுப் போனான். எனக்கு அப்ப கல்யாணம் ஆகல. எங்க வீட்ல கோயில் பாட்டும் சினிமாப் பாட்டும்தான். இத மொதல்ல போட்டப்ப ரெக்கார்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஏன்னா ரொம்ப நேரத்துக்கு ஒரு ஆர்கன் மட்டும் ஓடிட்டே இருக்கும். கப்பல் நங்கூரம் போட்டு நிக்கும்போது அடியில எஞ்சின் சத்தம் மட்டும் லேசா கேக்கும் பாருங்க, அந்த மாதிரி. பாட்டு எப்ப வரும்னு உக்காந்திருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, பாட்டே அதுதான்னு.

உங்களுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் சொல்லுதேன், எனக்குச் சொல்ல ஆள் கெடச்சதில்ல. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது ஏறாது. கோல்ட் ஸ்லிப்வேன்னு குழுவோட பேரு. அதுல ட்ரம் அடிக்கிறவன் ராபின். ஒரு நாள் ஒத்திகை நடந்துட்டு இருக்கும்போது, கோட்ட ஆணியில மாட்டுனது மாட்டுனபடியே இருக்க, வெளிய போயிட்டு வாறேன்னு போனவன். வரல. பொணமும் கெடைக்கல, தகவலும் கெடைக்கல. மத்த நாலு பேரும் வேற ட்ரம்மர வைக்கல. அந்தக் கோட்டயும் எடுக்கல. அட்டைல பாருங்க, அதான் கோட்டு. ‘ஹிஸ் கோட் இஸ் ஸ்டில் ஹியர்’. அவன் கோட்டு இன்னும் இங்கதான் இருக்கு. அவ்வளவுதான் பேரு.

மொதப் பக்கம் பூரா ஒரே பாட்டு. அதுல நடுவுல ராபின் தனியா அடிக்கிறதுக்குன்னு ஒரு இடம் முன்னாலயே போட்டு வச்சிருந்தாங்களாம். அந்த இடத்த அப்பிடியே விட்டுட்டாங்க சார். வெட்டவும் இல்ல, ரொப்பவும் இல்ல. அவன் அடிக்க வேண்டிய நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம் சும்மா ஓடும். காதக் கூர்மையா வச்சுக் கேட்டா யாரோ மூச்சு விடுறது கேக்கும். ஒரு நாற்காலி கிறீச்சுங்கும். பேஸ் கித்தார்க்காரன் மட்டும் எப்பவாவது ஒரு தட்டுத் தட்டுவான், நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுற மாதிரி. அப்புறம் கித்தார் வரும். அந்தக் கித்தார் ராபினுக்குப் பதில் சொல்லுது சார். கேள்வியே கேக்கல, பதில் மட்டும் வருது. இத எத்தன வருசமா கேட்டுட்டு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் அந்தக் கித்தார் வாறப்ப எனக்கு இங்க, நெஞ்சுக்குக் கீழ, ஒண்ணு எறங்கும்.

அதுல அழுகாச்சி கெடயாது. அதான் எனக்குப் பிடிச்சது. பாடுறவன் கொரல் கூட ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். இல்லாத ஒருத்தன இல்லாதவனாவே விடுறதுக்கு ஒரு தெம்பு வேணும். நம்ம ஆளுகளுக்கு அது வராது. ஒரு கிளாஸ் காலியா இருந்தா தண்ணியாவது ஊத்தி வைக்கணும் நமக்கு.

எங்களுக்கு ஒரே பையன். மெர்வின். அவன் தவழுறதுலருந்தே இந்த ரெக்கார்டு இந்த வீட்ல ஓடிட்டு இருக்கு. பள்ளிக்கூடம் போற வயசுலயே கைக்குக் கெடச்சதெல்லாம் தட்டுவான். பெறகு கோயில் பாடகர் குழுவுல ட்ரம் அடிக்க ஆரம்பிச்சான். படிச்சு முடிச்சு, அனல்மின் நிலையத்துல கான்ட்ராக்ட் வேலைக்குப் போயி, அவன் சம்பளத்துல சொந்தமா ஒரு ட்ரம் செட்டு வாங்கினான். லீவு நாள்ல கல்யாண ரிசப்ஷன்ல வாசிக்கப் போவான். நல்லா அடிப்பான்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் அவன் கச்சேரிக்கெல்லாம் போனதில்ல. அதெல்லாம் சினிமாப் பாட்டு.

எனக்கும் அவனுக்கும் தகராறுன்னா இந்த ஒரு ரெக்கார்டுலதான். அவன் அந்த இடத்த ரொப்புவான் சார். நான் ஸ்பீக்கர்ல போட்டா போதும், அந்த இடம் வாறப்ப ரூமுக்குள்ளருந்து ட்ரம் சத்தம் வரும். ஆர்கன் ஓய்ஞ்சதும் நேரா வந்து விழுவான், கித்தார் வாறதுக்கு முன்னால கரெக்டா முடிச்சுக்குவான். நான் கத்துவேன். அத காலியா விடுறதுக்குத்தான்டா அவங்க அவ்வளவு பாடுபட்டிருக்காங்க, நீ யாரு அத அடைக்கிறதுக்குன்னு கேப்பேன். அவன் சிரிப்பான். ஒரு நாள் என்ன சொன்னான் தெரியுமா? “டாடி, ராபின் திரும்பி வந்துட்டான்னு வச்சுக்கோங்க” அப்பிடின்னான். நான் சொன்னேன், அவன் வந்துட்டா இந்த ரெக்கார்டே கெடயாதுன்னு. நான் சொன்னதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் நான் ஹெட்போன் வாங்கிட்டேன். நான் கேக்கிறது என் காதுக்குள்ள. அவன், நான் ஆபீஸ் போன பெறகு, ஸ்பீக்கர்ல போட்டு அடிச்சுக்குவான். எனக்குத் தெரியும், ஊசிய வச்ச எடத்துல வச்சிருக்க மாட்டான். ஆனா ரெக்கார்டுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிட்டான், அதச் சொல்லணும். டெல்பின் அடுப்படில நிண்ணு கேட்டுட்டு இருந்திருப்பா. அவளுக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாது. மீன் கழுவிக்கிட்டே கேப்பா. அவ கேட்டதெல்லாம் அவன் அடிச்சதோட சேந்ததுதான். இது எனக்குப் பின்னாலதான் வெளங்குச்சு.

போன ஆவணில கோவில்பட்டில ஒரு ரிசப்ஷன். முடிச்சுட்டு வாறப்ப, நிண்ணுட்டு இருந்த லாரியில வேன் போயி மோதிட்டு. மத்த பையங்க அடிபட்டதோட தப்பிச்சுட்டாங்க. இவன் முன் சீட்ல இருந்தான்.

ஆமா சார். இல்ல, பரவால்ல. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்.

அடக்கம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஆள் நெறைய. நான் எல்லாருக்கும் கை குடுத்தேன். டீ கெடச்சுதா, சேர் கெடச்சுதான்னு கேட்டுட்டு அலைஞ்சேன். பங்குச்சாமியார் என் தோள்ல கை வச்சு, நீங்க தைரியமா இருக்கீங்க, அந்த அம்மாவையும் தேத்துங்கன்னாரு. தைரியம்னு இல்ல சார். பல்லுக்கு ஊசி போட்டா ஒதடு இருக்கும், ஆனா இருக்கிற மாதிரி தெரியாதுல்ல? கடிச்சாலும் தெரியாது. அந்த மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு அது ஒரு வகைல வசதியாவும் இருந்துச்சு, வேலை ஓடுச்சு. போலீஸ் ஸ்டேஷன்லருந்து அவன் ட்ரம் செட்ட வாங்கிட்டு வரவும் நான்தான் போனேன். ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. கொண்டுவந்து அவன் ரூம்ல அடுக்கி, மேல பெட்ஷீட்டு போட்டு மூடி வச்சேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயந்தரம்தான் இந்த ரெக்கார்ட எடுத்தேன். ஹெட்போன் போட்டா காதுக்குள்ள ரத்தம் ஓடுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, அதனால கழத்தி வச்சுட்டு ஸ்பீக்கர்ல போட்டேன். ஆர்கன் ஓடுச்சு. ஓய்ஞ்சுது. அந்த இடம் வந்துச்சு. டெல்பின் அடுப்படிலருந்து வெளிய வந்தா. கையெல்லாம் மாவு.

“என்னங்க, இது தப்பா ஓடுது” அப்பிடின்னா.

இல்ல டெல்பின், இது இப்பிடித்தான், அந்த இடத்துல ட்ரம் கெடயாதுன்னு சொன்னேன். அவ அங்கனயே நிண்ணா. கித்தார் வாற வரைக்கும் நிண்ணா. அப்புறம் உள்ள போயிட்டா.

மறுநாளும் போட்டேன். மறுநாளும் வந்தா. அதுக்கப்புறம் தெனமும் சாயந்தரம் நான் போடுவேன், அந்த இடம் வாறப்ப அடுப்படி வாசல்ல வந்து நிப்பா. நெலையப் பிடிச்சுக்கிட்டு, தல குனிஞ்சு, கேப்பா. எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா சார்? கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல அவ என்கூட உக்காந்து ஒரு ரெக்கார்டு கேட்டதில்ல. இப்ப அவளா வாறா. அவளுக்கும் காது தொறந்துட்டுன்னு நெனச்சேன். மெள்ள மெள்ள எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். ராபின் கதையச் சொன்னேன். அட்டைல இருக்கிற கோட்டக் காட்டுனேன். அந்த மூச்சுச் சத்தம் கேக்குதா, அது ஆர்கன்காரனோட மூச்சா இருக்கும்னு சொன்னேன். இல்லாதத இப்பிடிக் கேக்க வைக்கிறது எவ்வளவு பெரிய விசயம்னு சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டா. ஒண்ணும் குறுக்க பேச மாட்டா. ஒரே ஒரு நாள் மட்டும், “அந்த ராபினுக்கு அம்மா இருந்தாளா?” அப்பிடின்னு கேட்டா. நான் அட்டையப் பூராத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அதப்பத்தி ஒண்ணும் போடலன்னு சொன்னேன்.

சாப்பாடு அப்ப ரொம்ப மோசமாயிட்டு. உப்பு இருக்கும், இல்லன்னா இருக்காது. நான் ஒண்ணும் சொல்றதில்ல. அவளும் என்னைய ஒண்ணும் கேக்கிறதில்ல. வீடு அமைதியாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. கிறிஸ்மசுக்கு நட்சத்திரம் கட்டல, கேக்கும் வாங்கல, ஆனா பூசைக்குப் போனோம். பக்கத்து வீட்டு அம்மா ஒருநா டெல்பின்கிட்ட, அவரு அழுதாரான்னு ரகசியமா கேட்டிருக்கு. இவ, அவருக்கு ரெக்கார்டு இருக்குன்னு சொன்னாளாம். சரியாத்தான் சொல்லியிருக்கா. எனக்கு ரெக்கார்டு இல்லன்னா அந்த மாசங்கள எப்பிடிக் கழிச்சிருப்பேன்னு தெரியல.

தவசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நோம்பு நாளு, அது தொடங்கி ஒரு ஞாயித்துக்கெழம. பூசை முடிஞ்சு எனக்கு கோயில்ல சபைக் கூட்டம் இருந்துச்சு. டெல்பின் முன்னாலயே வீட்டுக்கு வந்துட்டா. நான் வந்து பாத்தா ஆளக் காணோம். ரூம் கதவு சாத்தியிருந்துச்சு, தல வலின்னு அவ படுத்திருப்பான்னு நெனச்சேன். சட்டையக் கூட மாத்தாம ரெக்கார்டப் போட்டு உக்காந்தேன்.

ஆர்கன் ஓய்ஞ்சுது. அந்த இடம் வந்துச்சு.

ரூமுக்குள்ளருந்து ட்ரம் வந்துச்சு சார்.

அந்த ஒரு நொடி நான் என்ன நெனச்சேன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். எந்திரிச்சுப் போயி கதவத் தள்ளுனேன். டெல்பின். கோயிலுக்குக் கட்டுன சேலையோட, செருப்பக் கழத்திப் போட்டுட்டு, அவன் ஸ்டூல்ல உக்காந்திருந்தா. பெட்ஷீட்ட எடுத்துட்டு, செட்டு பூராத்தையும் அவன் எப்பிடி வச்சிருப்பானோ அப்பிடி மாட்டி வச்சிருக்கா. எப்ப மாட்டுனா, எத்தன நாளா இது நடக்குது, எனக்குத் தெரியாது. நான் ஈபி ஆபீஸுக்கும் பேங்குக்கும் போற நேரமெல்லாம் இருக்குல்ல. கதவு தொறந்தத அவ பாக்கல. என்னயத் தாண்டி எங்கயோ பாத்துக்கிட்டு அடிச்சுட்டு இருக்கா. பலமா இல்ல, பிள்ளைய முதுகுல தட்டுற மாதிரிதான். ஆனா அத்தனையும் அவன் அடிக்கிறதுதான். மெர்வின் ஒரு எடத்துல எப்பவும் தடுக்குவான், எடது கை ஒரு இழை பிந்தி விழும். நான் அதச் சொல்லி அவன எத்தனையோ தடவ ஏசியிருக்கேன். அந்தத் தடுக்கலையும் சேத்து அடிச்சா சார். அது தப்புன்னு அவளுக்குத் தெரியாது. அதான் பாட்டுன்னு நெனச்சிருக்கா.

நான் ஓடி வந்து ஊசியத் தூக்கிட்டேன்.

ஏன்னு கேப்பீங்க. அந்த இடம் காலியா இருக்கணும் சார். அதுக்குத்தான அந்த ரெக்கார்டு. நான் பையனுக்கு ஒரு நாயம், பொண்டாட்டிக்கு ஒரு நாயம்னு பேசுற ஆள் இல்ல. ஆனா ஓடிவந்த வேகத்துல நேரா தூக்கல. ஊசி கர்ருன்னு இழுத்துட்டுப் போச்சு. இத்தன வருசத்துல என் கையால ஒரு ரெக்கார்டுலயும் ஒரு கோடு விழுந்ததில்ல. அவ அன்னைக்கு அத அடிக்காம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

டெல்பின் வெளிய வந்தா. குச்சி ரெண்டும் கையில இருந்துச்சு.

“ஏன் நிப்பாட்டுனீங்க?”

“ரெக்கார்டுல அப்பிடி இல்ல, டெல்பின்.”

“ரெக்கார்டுல இல்ல” அப்பிடின்னா. “நம்ம வீட்ல இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னா. குச்சிய மேசைல வச்சுட்டு, உள்ள போயி மத்தியானச் சாப்பாடு வச்சா. சாப்பிட்டோம். மறுநாள் காலைல ஒரு பையில துணிய எடுத்து வச்சுக்கிட்டு, மணப்பாட்டுக்கு செல்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. செல்மா அவ தங்கச்சி. கன்னியாஸ்திரி ஆகப்போயி, ஒடம்புக்கு முடியாம திரும்பி வந்து, அங்க தனியா இருக்கு. தங்கச்சிக்குத் தொணையா ரெண்டு நாள் இருந்துட்டு வருவான்னு நான் இருந்தேன். தவசு காலம் பூரா வரல. பாஸ்கு, அதான் ஈஸ்டர் திருநாளு, அதுக்கும் வரல.

நான் இங்க தனியா. சோறு பொங்கத் தெரியும், கொழம்புதான் வராது. அது போகட்டும். ரெக்கார்டப் போட்டா என்ன ஆகுது தெரியுமா? ஆர்கன் ஓயும். ஊசி அந்தக் கீறல்ல ஏறி ஒரு குதி குதிக்கும். நேரா கித்தார். அந்த இடமே கெடயாது சார் இப்ப. மூச்சு இல்ல, நாற்காலி இல்ல. ராபினும் இல்ல, ராபின் இல்லாததும் இல்ல. நல்லா ஓடுற பாட்டு மாதிரி ஓடுது. யாரும் எங்கயும் போகாத மாதிரி. அத எப்பிடிக் கேக்கிறது?

நான் போன் பண்ணி அவகிட்டச் சொன்னேன். இந்த மாதிரி ஆயிட்டு, அந்த இடம் போச்சுன்னு. சொல்லிட்டு இருக்கும்போதே லைன் கட்டாயிட்டு. மணப்பாட்டுல சிக்னல் சரியா கெடைக்காது, கடக்கரை ஊரு. மறுபடி போட்டேன், எடுக்கல. நானும் விட்டுட்டேன். அதுக்கப்புறம் வீட்ல நான் ஒரு சத்தமும் வைக்கல. டிவி கூட. ஒரு நாள் பூரா அவன் ரூம் வாசல்ல நிண்ணுட்டு இருந்தேன்னு பால்காரர் பக்கத்து வீட்ல சொல்லியிருக்காரு. எனக்கு ஞாபகம் இல்ல. கொஞ்ச நேரம் நிண்ணிருப்பேன், அவரு கூட்டிச் சொல்லுதாரு.

பாஸ்கு கழிஞ்சு செல்மா போன் பண்ணுச்சு.

“அத்தான், அக்கா அந்த ட்ரம்ம கொண்டாரச் சொல்லுது.”

எதுக்குன்னு கேட்டேன். தெரியல, கொண்டாரச் சொல்லுதுன்னுச்சு. எனக்கு உடனே வெளங்கிட்டு. அந்த ஊருக் கோயில் பாடகர் குழுவுக்குக் குடுக்கப் போறா. சரி, நல்ல காரியந்தான், வீட்ல சும்மா கெடந்து என்ன ஆகப் போகுது. ஒரு மினி வேன் பிடிச்சு, எல்லாத்தையும் போர்வைல சுத்தி ஏத்துனேன். நானும் முன்னால ஏறிக்கிட்டேன். முன் சீட்ல. திருச்செந்தூர் தாண்டுற வரைக்கும் டிரைவர் ஏதோ பேசிட்டு வந்தாரு, எதுக்கும் நான் ம் கொட்டல போல.

டெல்பின் மெலிஞ்சிருந்தா. வாங்கன்னு கூடச் சொல்லல. முன் ரூம்ல எடம் ஒதுக்கி வச்சிருந்தா, அதக் கையால காட்டுனா. நான் எறக்கி வச்சு மாட்ட ஆரம்பிச்சேன். அப்பத்தான் தெரியுது, எது எங்க வரணும்னே எனக்குத் தெரியலன்னு. அத்தன வருசமா அது என் வீட்ல இருந்துச்சு, நான் ஒரு தடவ கிட்டப் போயிப் பாத்ததில்ல. பெடல பின்னால மாட்டிட்டேன். அவ வந்து, கழத்தி, முன்னால மாட்டுனா. தாம்பாளம் மாதிரி தொங்குற அந்தப் பித்தளத் தட்டு ரெண்டும் எந்த ஒசரத்துல நிக்கணும்னு கையால அளந்து வச்சா. அவன் ஒசரத்துக்கு வச்சா, அவ எட்டித்தான் அடிக்கணும்.

அப்புறம் ஸ்டூல்ல உக்காந்து குச்சிய எடுத்தா.

நான் எதுத்தாப்ல செவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். செல்மா அடுப்படி வாசல்ல. டெல்பின் குச்சிய மடில வச்சுக்கிட்டு அசையாம இருந்தா. வெளிய கடல் சத்தம். ரொம்ப நேரம் ஆச்சு. எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலயோன்னு நெனச்சேன். ஏதாவது சொல்லலாம்னு வாயத் தொறக்கப் போனேன். அப்பத்தான் அவ தல லேசா அசையுறதப் பாத்தேன். கேட்டுட்டு இருக்கா சார். ஆர்கன் ஓடிட்டு இருக்கு அவளுக்கு. அந்த வீட்ல ரெக்கார்டும் இல்ல, ப்ளேயரும் இல்ல. நானும் அப்பிடியே உள்ளுக்குள்ள போயி அத எட்டிப் பிடிச்சேன். எனக்கு எங்க பிடிக்கணும்னு தெரியும்ல. கொஞ்சம் முன்னால போயிட்டேன், பெறகு நிதானிச்சேன். பேஸ் வந்துச்சு. ரெண்டாவது தடவையும் அதே மெட்டு வந்துச்சு. ஆர்கன் ஓய ஆரம்பிச்சுது. ஓய்ஞ்சுது.

குச்சியத் தூக்குனா. சரியா அந்த எடத்துல.

அடிச்சா. எடது கை அந்த எடத்துல தடுக்குச்சு. முடிச்சா. குச்சிய மடில வச்சா.

செல்மாவுக்கு என்ன தெரியும். முடிஞ்சுதுன்னு நெனச்சு, “காப்பி போடட்டா அத்தான்?” அப்பிடின்னுச்சு.

“இரு, இன்னும் முடியல.”

நான் சொன்னேன். டெல்பினும் சொன்னா. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லிட்டோம். செல்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு அங்கனயே நிண்ணுட்டு. கித்தார் வந்துச்சு. ஓடுச்சு. எனக்குக் கன்னமெல்லாம் நனஞ்சிருந்துச்சு. கடக்காத்துல உப்பு சார், மணப்பாட்டுல யாரு மூஞ்சியும் காஞ்சு இருக்காது. பாட்டு பூரா முடியிற வரைக்கும் நாங்க உக்காந்திருந்தோம். செல்மா கடைசில உள்ள போயி அடுப்பப் பத்த வச்சுச்சு.

ஏதாவது சொல்லணுமேன்னு இருந்துச்சு. நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வாய் வரல. “சின்ன ட்ரம்மு தொளதொளன்னு இருக்கு, தோல இறுக்கணும்” அப்பிடின்னேன்.

அவ எந்திரிச்சு, முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த ஒரு சாவிய அவுத்து எடுத்தா. சின்னது, பழைய கடியாரத்த முடுக்குற சாவி மாதிரி. அதுக்குன்னு ஒரு சாவி இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ட்ரம்ம தூக்கி எனக்கு முன்னால தரைல வச்சுட்டு, சாவிய நீட்டுனா. நான் உக்காந்து ஒரு திருகாணியில மாட்டித் திருப்புனேன். பக்கத்துல இருக்கிறதுக்குப் போனேன். அவ என் கையப் பிடிச்சு நிப்பாட்டுனா. என் கையப் பிடிச்சு எத்தன மாசம் ஆச்சோ.

“அப்பிடி வரிசையாத் திருப்பக் கூடாது. தோல் ஒரு பக்கமா கோணிரும்” அப்பிடின்னா. “இதத் திருப்புனா, அடுத்தது அதுக்கு எதுத்தாப்ல இருக்கிறத. மெர்வின் அப்பிடித்தான் செய்வான்.”

அவன் பேர அவ சொல்லி நான் கேட்டது, அடக்கத்துக்குப் பெறகு அதான் மொதத் தடவ. நானும் சொல்லியிருக்க மாட்டேன்னு நெனக்கிறேன்.

எதுத்தாப்ல இருக்கிறது எதுன்னு எனக்குச் சட்டுன்னு பிடிபடல. அவ தரைல எனக்கு முன்னால உக்காந்து, வெரல வச்சுக் காமிச்சா. நான் திருப்புனேன். அடுத்ததக் காமிச்சா. திருப்புனேன். நடுவுல ஒரு தட்டுத் தட்டிப் பாத்து, “இன்னும் கொஞ்சம்”னா. செல்மா காப்பியக் கொண்டுவந்து பக்கத்துல வச்சுட்டுப் போச்சு. அது ஆறிப்போச்சு. நாங்க இன்னொரு சுத்து ஆரம்பிச்சோம்.